மீசை வைத்த கீரி

உலகத்து ஜனங்கள் மொத்தமும் ஒரு பக்கம் நின்று "இல்லை" என்று சொல்லி, உத்தமபாளையம் கீரி பாய் மட்டும் மறுபக்கம் நின்று "உண்டு" என்று சொன்னால், உலகம்தான் இன்னொரு தடவை யோசித்துக்கொள்ள வேண்டும். இதை நான் யாரோ சொல்லக் கேட்டு எழுதவில்லை. அவர் பக்கம் நின்று அவரோடு சேர்ந்து வசை வாங்கியவன் என்கிற உரிமையில் எழுதுகிறேன்.

பாய்க்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது, ஊரில் யாரும் அதை எடுத்துப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. கம்பம் ரோட்டை ஒட்டி மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். தோட்டத்துக் கிணற்று மோட்டார் புகைந்து போனால், கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். இடதுகைக்காரர். அவர் முறுக்கிய கம்பி மற்றவர்கள் முறுக்குவதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கும். சின்னமனூரில் வேறொரு பட்டறையில் மோட்டாரைத் திறந்து பார்த்த உடனேயே, "இது கீரி பாய் கட்டுனதுல்ல" என்பார்கள்.

அந்தப் பட்டறைக்கு மேலே, மாடியில், சொட்டுநீர்க் குழாய் விற்கும் ஒரு கம்பெனியின் கிளை இருந்தது. கிளை என்றால் நான், ஒரு மேஜை, ஒரு பழைய ஜீப். பாய் என்னைப் "பைப்புத் தம்பி" என்றுதான் கூப்பிடுவார்.

கீரி யார் என்று எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டி.வி.யில் கேசட் சொருகி விளையாடும் வீடியோ கேம் வந்த புதிதில், ஜப்பான்காரன் செய்த ஆட்டம் ஒன்று இருந்தது. தொப்பி போட்ட ஒரு கீரிப்பிள்ளை பாலத்தைத் தாண்டி, பாம்பைத் தாண்டி, தவளைகளை மிதித்து, கடைசியில் ஒரு கோட்டைக்குள் போய்க் களவு போன முட்டையை மீட்கும். கேசட்டின் மேலே இருந்த பெயரை எங்களால் படிக்க முடியாது. கீரி என்றோம், முடிந்தது விஷயம். கம்பத்தில் ஒரு பாத்திரக்கடைக்காரர் அதை மூட்டையாக வாங்கி வந்து குக்கருக்கும் இட்லிக் கொப்பரைக்கும் நடுவில் வைத்து விற்றார். கேசட் மக்கர் பண்ணினால் பாயிடம் ஓடுவோம். அப்போது அவர் அவருடைய அத்தாவின், அதாவது தகப்பனாரின், பட்டறையில் தொழில் பழகிக்கொண்டிருந்த இளவட்டம். சின்னமனூர்க்காரனான நானும் அந்தக் கீரியோடுதான் வளர்ந்தேன்.

கீரிக்கு மீசை உண்டு. மூக்குக்குக் கீழே கருகருவென்று ஒரு கோடு. எதிரே வரும் தவளைக்கும் மீசை உண்டு. மேலே மிதக்கிற மேகத்துக்குக்கூட அடியில் கருப்பாக ஒரு கோடு இருக்கும்; அது மழை மேகம் என்று நாங்களாகவே புரிந்துகொண்டோம். எங்கள் பக்கம் மீசை இல்லாத ஆளைத்தான் ஏறிட்டுப் பார்ப்பார்கள் என்பதால், ஒரு கீரிக்கு மீசை இருந்ததில் எவருக்கும் ஆச்சரியம் வரவில்லை. இத்தனைக்கும் பாயின் முகத்தில் மருந்துக்கும் மீசை கிடையாது.

நாங்கள் எல்லாரும் வளர்ந்து, கல்யாணம் கட்டி, கீரியை மறந்தோம். பாய் வளர்ந்தார், கல்யாணம் கட்டினார், மறக்கவில்லை. ஜப்பான்காரன் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று ஏழு பாகம் வரை இழுத்துவிட்டிருந்தான். பாய் ஏழையும் கரைத்துக் குடித்தார். கீரி படம் போட்ட டிபன் பாக்ஸ், சாவிக்கொத்து, தேநீர்க் கோப்பை, காகித விசிறி, சாவி கொடுத்தால் குதிக்கும் பொம்மை என்று வெளிநாட்டிலிருந்து பார்சல் பார்சலாக வந்து இறங்கியது. பட்டறையின் பின்னறையில், வார்னிஷ் டப்பாக்களுக்கு மேலே, அலமாரி அலமாரியாக அடுக்கினார்.

பாயம்மா, அதாவது அவர் வீட்டம்மா, ஒருநாள் மாடிக்கு டீ கொண்டுவந்த சாக்கில் என்னிடம் முறையிட்டார்.

"தம்பி, வீட்டுக்கு ஒரு மிக்சி கேட்டேன். வந்துருக்குன்னு சொன்னாக. அவுத்துப் பாத்தா உள்ள கீரி ஒக்காந்துருக்கு. நான் என்ன தேங்காய அது தலையிலயா அரைக்க?"

சேர்ப்பதோடு நின்றிருந்தால் ஊர் அவரை மறந்திருக்கும். பாய் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பட்டறையில் மோட்டார்கள் வரிசை கட்டி நிற்கும் கோடையில், யாருடைய மோட்டாரை முதலில் எடுப்பது என்பதைக் கீரிதான் முடிவு செய்யும். கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்பவருக்கு முன்னுரிமை. கட்சிக்காரன் சிபாரிசு, சொந்தக்காரன் சிபாரிசு எதுவும் செல்லாது. பொட்டிப்புரத்திலிருந்து ஒரு வாழைக்காரர் வருவார். வயது அறுபதைத் தாண்டும். வீடியோ கேமைக் கையால் தொட்டதில்லை.

"பாய், வாழ வாடுது. இன்னைக்கே மோட்டாரு வேணும்."

"மொதப் பாகத்துல தொப்பி என்ன கலரு?"

"செவப்பு."

"ரெண்டாம் பாகத்துல?"

"பச்ச."

"ஏன்?"

"செவப்புத் தொப்பி கோட்ட அகழியில விழுந்து போச்சு."

"பாலத்துக்கு அடியில நீந்துற மீனுல ஒரு மீனு மட்டும் என்ன பண்ணும்?"

"திரும்பி நீந்தும், பாய். அதுக்குக் கண்ணும் ஒண்ணுதான்."

"சாயங்காலமா வந்து எடுத்துக்கங்க."

இதற்காகப் பொட்டிப்புரத்து டீக்கடையில் ஒத்திகை நடக்கும் என்று பின்னால்தான் எனக்குத் தெரியவந்தது. மலைக்கு அடியில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வரலாமா கூடாதா என்று ஊர் இரண்டுபட்டுக் கிடந்த நாளில்கூட, கீரியின் தொப்பி நிறத்தில் அங்கே கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

அந்த வாழைக்காரர்தான் பாயின் நீண்டநாள் சிக்கல் ஒன்றையும் தீர்த்து வைத்தார். இரண்டாம் பாகம் தொடங்கி எந்தப் பாகத்திலும் கீரிக்கு மீசை இல்லை. ஏன் இல்லை என்று பாய் பல வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். வாழைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"இதுல என்ன பாய் இருக்கு? அப்பன் செத்துருப்பான். கருமாதிக்கு மீசைய எடுத்துருப்பான்."

பாய் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.  அன்றைக்கு வாழைக்காரரின் மோட்டாருக்கு இரண்டு கோட்டு வார்னிஷ் கிடைத்தது. மூன்றாம் பாகத்துக்குள் மீசை ஏன் திரும்ப வளரவில்லை என்று குறுக்குக் கேள்வி கேட்ட ஒரு திராட்சைத் தோட்டக்காரருக்கு மோட்டார் தாமதமானது.

ஆனால் இந்த விளக்கம் ஒரு சங்கடத்தைக் கொண்டுவந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த முதல் பாகத்துப் பொம்மைகளுக்கும் மீசை இல்லை. முதல் பாகத்தில்தான் அப்பன் உயிரோடு இருக்கிறானே! பாய் ஒரு முடிவுக்கு வந்தார். ஏற்றுமதிக்கு அனுப்பும்போது ஜப்பான்காரன் மழித்து அனுப்புகிறான். தவறு அவனுடையது, திருத்தம் நம்முடையது. கருப்பு எனாமல் பெயின்டும், காது குடையும் குச்சியில் பஞ்சைச் சன்னமாகத் திரித்து ஒரு தூரிகையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பாகத்துப் பொம்மை ஒவ்வொன்றுக்கும் மீசை வைத்தார். சிவப்புத் தொப்பிக்கு மட்டும்தான். பச்சைத் தொப்பி துக்கத்தில் இருப்பதால் அதன் பக்கமே போகவில்லை. அவரைக் கிறுக்கர் என்பவர்கள் இந்த ஒழுங்கைக் கவனிக்க வேண்டும்.

பிறகு அலமாரியைப் படமெடுத்து, கீரி ரசிகர்கள் சேர்ந்திருந்த கைப்பேசிக் குழு ஒன்றில் போட்டார்.

அந்தக் குழுவில் இருந்தவர்கள் பொம்மையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பதையே பாவம் என்று நினைக்கிற ஜாதி. அவர்கள் மத்தியில் எனாமல் மீசையோடு ஒரு பட்டாளம் வந்து நின்றால் எப்படி இருக்கும்? ஒருவர் அழுகிற முகம் போட்டார். ஒருவர் இதற்குத் தண்டனை ஏதும் உண்டா என்று கேட்டார். பாய் அசரவில்லை. கேசட்டை ஓடவிட்டு, மீசைக் கீரி குதிப்பதை வீடியோ எடுத்துப் போட்டார். கம்ப்யூட்டரில் வரைந்தது என்றார்கள். கருமாதி விஷயத்தைத் தமிழில் குரல் பதிவாக அனுப்பினார். அதை யாரோ ஆங்கிலத்தில் பெயர்த்துவிட, கீரியின் அப்பாவுக்கு முதலில் பெயர் என்ன என்று ஒரு தனிச் சண்டை கிளம்பியது.

குழுவை நடத்தியவர் கொச்சிக்காரர். கேசட்டைத் தொடுவதற்கு முன்னால் வெள்ளைக் கையுறை மாட்டுகிறவர். பாய் அவருக்குக் "கிளவுசு" என்று பெயர் வைத்தார். கிளவுசு மரியாதையாக ஒரு நிபந்தனை போட்டார். கொச்சியில் எங்கள் ரசிகர் கூட்டம் நடக்கிறது, உங்களுக்கு ஒரு மேஜை தருகிறோம். கேசட்டைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் திறந்து காட்டுங்கள். உள்ளே யாரும் கைவைக்காததாக இருந்தால், மீசைக் கீரி என்று ஒன்று உண்டு என ஒப்புக்கொள்கிறோம். கைவைத்த போலியாக இருந்தால், உங்கள் பொம்மைகளின் மீசையை அங்கேயே அழித்துவிட்டு, இனி இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

பாய் என்னைக் கீழே கூப்பிட்டார்.

"தம்பி, ஜீப்பு சும்மாதான கெடக்கு?"

"பாய், மீச வச்ச கேசட்டு ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. தொறக்குறப்ப ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

உண்மைதான். எங்கள் பள்ளத்தாக்கில் ஓடிய கீரிகள் ஒவ்வொன்றாகச் செத்து, உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். கீரி டிபன் பாக்ஸுக்குள், பூச்சி வராமலிருக்க ஏலக்காய் போட்டு வைத்திருந்தார்.

"ஆனா ஆகட்டும். ஒரு பள்ளத்தாக்கே பாத்தத, பாக்கலன்னு சொல்றானுக. அத வச்சுப் பூட்டி நான் என்ன செய்ய?"

இப்படித்தான் நாங்கள் கிளம்பினோம். ஜீப்பில் பொம்மைப் பெட்டிகள், ஒரு பழைய குண்டு டி.வி., கேசட் சொருகும் கேம் பெட்டி, பாயின் கருவிப் பை. தோற்றால் அழிக்க வேண்டுமே என்று பெயின்டைக் கரைக்கும் தின்னர் ஒரு பாட்டிலும், துடைக்கப் பனியன் வேஸ்ட் துணியும்கூடப் பாய் எடுத்து வைத்திருந்தார். கொடுத்த வாக்கில் அவ்வளவு கண்டிப்பு.

குமுளி தாண்டியதும் ஒரு செக்போஸ்டில் வனத்துறை ஊழியர் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார்.

"எந்தா பெட்டியில்?"

"கீரி" என்றார் பாய், ஒளிவுமறைவு இல்லாமல்.

"கீரியோ? எத்ர எண்ணம்?"

"நாப்பதுக்கு மேல இருக்கும்."

அவர் விசிலை ஊதியதில் இன்னும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். கீரி காட்டு விலங்கு, பிடித்தால் ஜெயில் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெட்டியைப் பிரித்தார்கள். மீசையோடு வரிசையாகக் கீரிகள் அவர்களைப் பார்த்தன. முதலில் விசிலடித்தவர் ஒரு சிவப்புத் தொப்பியையும் ஒரு பச்சைத் தொப்பியையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தார்.

"இதினு மீசையுண்டு. இதினு இல்ல. அதெந்தா?"

"அதுக்கு அப்பன் உயிரோட இருக்கான். இதுக்குச் செத்துட்டான்."

அவர் எங்களை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, எங்கள் மேல் இரக்கம் வந்தது போல, போகச் சொல்லிவிட்டார்.

கொச்சியில் அந்த மண்டபம் பளிங்காக இருந்தது. மேஜைக்கு மேஜை கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பொம்மை. பேசுகிறவர்கள்கூடத் தாழ்ந்த குரலில் பேசினார்கள். நாங்கள் குண்டு டி.வி.யைத் தூக்கிக்கொண்டு "ஓரம், ஓரம்" என்று உள்ளே போனோம். பாய் மேஜையில் மீசைக் கீரிகளை அடுக்கியதும், பக்கத்து மேஜைக்காரர் தன் பொம்மைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார், தொற்றிக்கொள்ளும் என்பது போல.

கிளவுசு வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. "சேட்டா, ஆத்யம் ஓடிச்சு காணிக்கு. பின்னெ துறக்காம்" என்றார். முதலில் ஓட்டிக் காட்ட வேண்டுமாம், பிறகு திறக்கலாமாம்.

பாய் கேசட்டைச் சொருகினார். மண்டபத்தில் இருந்த பாதிப் பேர் எங்கள் மேஜையைச் சுற்றி வந்துவிட்டார்கள். திரை ஒரு தடவை நடுங்கியது. பிறகு வந்தான் எங்கள் ஆள், சிவப்புத் தொப்பியும் கருப்பு மீசையுமாக. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கூட்டத்தில் சலசலப்பு. எங்கேயும் பார்த்ததில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கிளவுசின் கண் விரிந்ததை நானே பார்த்தேன்.

"துறக்கு" என்றார்.

"ஒருத்தரும் தொடப்படாது" என்று சொல்லிவிட்டு, பாய் தன்னுடைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, தன் கையாலேயே திறந்தார்.

பச்சை அட்டையில் இரண்டு சிப்பு. ஒரு சிப்பின் கால் ஒன்றிலிருந்து அடுத்த காலுக்கு ஒரு சின்னச் செம்புக் கம்பி. சிவப்பு வார்னிஷ் பூசிய, கிணற்று மோட்டாருக்குச் சுற்றுகிற கம்பி. முனை முறுக்கியிருந்தது. எதிர்ப்பக்கமாக.

எனக்குத் தெரிந்துவிட்டது. பாய்க்கும் தெரிந்துவிட்டது. கிளவுசு மட்டும் குனிந்து பார்த்து, வருத்தத்தோடு விளக்கினார். படம் இருக்கிற சிப்பு இது. கால் விட்டுப்போனதை யாரோ பக்கத்துக் காலோடு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அதனால் படத்தில் ஒரு வரி இடம் மாறி, மூக்கின் கருப்பு வரி கீழே இன்னொரு தடவை விழுகிறது. "மீசையல்ல சேட்டா. ரிப்பேர்."

பாய் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெல்லச் சொன்னார்.

"மூட்ட மழையில நனஞ்சு வந்துச்சு தம்பி. பாத்திரக்கடைக்காரரு எங்க அத்தாகிட்டக் கொண்டாந்து எறக்குனாரு. ஒண்ணுகூட ஓடல. அத்தனையிலயும் ஒரே எடத்துல ஈயம் விட்டுருந்துச்சு. கையில கம்பி கெடந்துச்சு, கட்டுனேன். படம் வந்துச்சு, குடுத்துட்டேன். அதுக்கு முன்னாடி நான் கீரியக் கண்டேனா, மீசை கூடுதல்னு தெரிய?"

கம்பத்திலிருந்து சின்னமனூர் வரை நாங்கள் பார்த்த அத்தனை கீரியும் அந்த மூட்டையிலிருந்து வந்தவை. ஜப்பான்காரன் மழிக்கவும் இல்லை, அப்பன் சாகவும் இல்லை.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.  பாய் பைக்குள் கையை விட்டுத் தின்னர் பாட்டிலை எடுத்தார். பனியன் வேஸ்டை நனைத்தார். முதல் பொம்மையைக் கையில் எடுத்தார். அந்த மனிதர் முகம் அப்படித் தொங்கி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. 

"ஏலே! நம்ம கீரிடா!"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல். தாழ்ந்த குரல் மண்டபத்தில் அது வெடி போல விழுந்தது. தோளில் பையும், கையில் பாதி தின்ற பழம்பொரியுமாக ஒரு பெண் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார். பாய் மூடாமல் வைத்திருந்த கேசட்டை அவர் பார்க்கவில்லை. மேஜையில் நின்ற பொம்மைகளைப் பார்த்துத்தான் கத்தியிருந்தார். பின்னாலேயே அவருடைய கணவர், ரசிகர் கூட்டத்துச் சட்டை போட்டவர், சங்கடத்தோடு வந்தார்.

"அண்ணே, நீங்க எந்தூரு?"

"உத்தமபாளையம்."

"நான் கம்பம்ணே. இங்கன ஆசுபத்திரியில லேப்ல இருக்கேன். கீரிக்கு மீசை உண்டுன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு. இவுக, 'நீ சின்னப் புள்ளையில வேற எதையோ பாத்துருப்ப'ம்பாக. எங்கண்ணன்கிட்டக் கேட்டுச் சொல்லலாம்னா அவன் இப்ப இல்ல. நானும் அவனும்தான் வெளையாடுவோம். எனக்கே சந்தேகம் வந்துருச்சுண்ணே, நெசமாவே பாத்தோமா இல்லையான்னு."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாயின் கையிலிருந்த ஈரத் துணியைப் பார்த்தார். "என்ன பண்ணப் போறீக?"

"அழிக்கப் போறேன். வாக்குக் குடுத்துட்டேன்."

"எதுக்கு அழிக்கணும்? யாரு வச்ச மீசை இது?"

பாய் அந்தக் கேள்வியில் நின்றுவிட்டார். துணியைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார், கம்பி முறுக்கைப் பார்த்தார். மெதுவாக அவர் முதுகு நிமிர்ந்தது. கோடையில் சிபாரிசோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பும்போது வருமே, அந்த முகம் திரும்ப வந்தது.

"கிளவுசு சாரே, போலி மீசைன்னா அழிக்கிறேன்னுதான நான் சொன்னேன்?"

"அதெ."

"இது போலி இல்ல. ஜப்பான்காரன் வச்ச மீசைய எவனோ திருத்துனாத்தான் போலி. அவன் மீசையே வைக்கல. வச்சது நானு. இந்தக் கையி. உங்க ஊரு கீரிய எல்லாம் ஜப்பான்காரன் பண்ணுனான், அதுல எங்களுக்குச் சண்டையில்ல. எங்கூரு கீரிக்கு மீசை வச்சவன் உங்க முன்னாடி நிக்கிறேன். அசலே நாந்தாய்யா!"

தின்னர் பாட்டிலை மூடினார். மூடியை இடதுகையால் இறுக்கித் திருகிய வேகத்தில், இனி அது திறக்காது என்று தோன்றியது.

கிளவுசு தலையைச் சொறிந்தார்.  ஆனால் சட்டம் சட்டம்தான்; திருத்திய பொருளுக்கு மண்டபத்தில் இடமில்லை என்றார். "உங்க மேசையும் வேணாம்" என்றார் பாய். நாங்கள் மூன்று பேரும், சங்கடப்பட்டுக்கொண்டே அந்தக் கணவரும், எல்லாவற்றையும் வெளியே தூக்கி வந்தோம். ஜீப் பானட்டில் பொம்மைகளை அடுக்கினோம். வாசல் டீக்கடையில் கரன்ட் வாங்கி, பாய் கேசட்டை மூடித் திருகி, டி.வி.யை ஓட்டினார். கம்பத்துப் பெண் பழம்பொரியைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு விளையாட உட்கார்ந்தார். மேகம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"மழ வரும்ல, அதான்" என்றார் சிரித்துக்கொண்டே. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணவரை முழங்கையால் இடித்தார். "பாருங்க. நல்லாப் பாருங்க. இருக்கா இல்லையா?"

"உண்டு" என்றார் அவர், மிகவும் பணிவாக.

கொஞ்ச நேரத்தில் மண்டபத்திலிருந்து ஒவ்வொருவராக டீ குடிக்கிற சாக்கில் வெளியே வந்தார்கள். கிளவுசும் வந்தார். கையுறையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, தன் முறைக்காக வரிசையில் நின்றார். பாய் அவரிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் விட்டார். ஒற்றைக் கண் மீன் கேள்விதான். சொல்லிவிட்டார்.

 திரும்பும் வழியில், குமுளி இறக்கத்தில், கீழே பள்ளத்தாக்கு தெரிகிற வளைவில், பாய் திடீரென்று கேட்டார்.

"தம்பி, அப்ப அந்த மேகத்துக்குக் கோடு போட்டதும் நானாத்தான் இருக்கும்?"

"ஆமா பாய்."

"அப்ப மத்த ஊரு கீரியில மழ மேகமே இல்ல. பாவம்யா அந்தப் புள்ளைக."

வீட்டில் பாயம்மா முழுக்கதையையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நான் கட்டிவந்த நாள்லருந்து சொல்றேன். இவுக ரிப்பேரு பாத்தா ஒண்ணு கொறையும், இல்லாட்டி ஒண்ணு கூடும்." சொன்னாரே தவிர, மறுநாளிலிருந்து கீரி கோப்பையில்தான் பாய்க்கு டீ வந்தது. மிக்சியும் அந்த மாதமே வந்து சேர்ந்தது.

பொட்டிப்புரத்து வாழைக்காரர் மட்டும் சமாதானமாகவில்லை. கருமாதியை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. "நீங்க மீச வச்சது செரி பாய். ரெண்டாம் பாகத்துல எடுத்தானே, அது எதுக்கு?" என்று கேட்டார். பாய் யோசித்துவிட்டு, அப்பன் செத்தது செத்ததாகவே இருக்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். இன்றைக்கும் பட்டறையில் அதுதான் சரியான விடை.

பிறகு கம்பெனி என்னைத் தர்மபுரிக்கு மாற்றியது. கிளம்பும் அன்று பாய் ஒரு சிவப்புத் தொப்பிக் கீரியைக் கொடுத்தார். முகம் மொழுமொழுவென்று இருந்தது.

"மீச வைக்க மறந்துட்டீகளா பாய்?"

"மறக்கல. நீங்களும் நம்ம பள்ளத்தாக்குத்தான? ஒங்க கீரிக்கு நீங்க வைங்க."

பல மாதம் தைரியம் வராமல் மேஜை மேல் அப்படியே வைத்திருந்தேன். போன வாரம் எனாமல் வாங்கி வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்துவிட்டேன். ஒரு பக்கம் கோணலாக மேலே ஏறிவிட்டது. படமெடுத்துப் பாய்க்கு அனுப்பினேன். "கோணலா இருந்தா என்ன, இதுவும் அசலு" என்று குரல் பதிவு வந்தது. பின்னால் ஒரு மோட்டார் ஓடிப் பார்க்கிற சத்தமும், யாரோ ஒரு விவசாயி "பச்ச, பாய்" என்று பதில் சொல்வதும் கேட்டது. அதை மூன்று தடவை போட்டுக் கேட்டேன். பிறகு ஜன்னல் வழியே, தர்மபுரி வானத்தில் ஏதாவது ஒரு மேகத்துக்காவது அடியில் கருப்புக் கோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.